வழக்குக் கேட்பவர்கள்

தாதாக்களைப் பற்றிய படங்கள் எனக்குப் பிடிக்கும். டெலிவிஷனில் சாதாரண ஜனங்களைக் கூட்டி உட்காரவைத்து வாதாடவிடுகிற நம்மூர் அரட்டை நிகழ்ச்சிகளும் பிடிக்கும். சிறுபத்திரிகையில் எழுதுகிறவன் இப்படி ஒப்புக்கொள்ளும்போது கூடவே ஒரு சமாதானமும் சொல்லவேண்டும் என்று எழுதப்படாத விதி ஒன்று இருக்கிறது. ரேயையும் பெர்க்மனையும் பார்த்து முடித்த களைப்புக்கு இது மருந்து என்பதுபோல. எனக்கு அந்தச் சமாதானம் தேவைப்படவில்லை. ஜனங்கள் ரசிப்பதால் அதில் ஏதோ உயிர் இருக்கத்தான் வேண்டும் என்கிற, இப்போது பல்கலைக்கழகங்களில் செல்லுபடியாகிற எதிர்ச் சமாதானமும் வேண்டாம். ஜனங்கள் எதையெதையோ ரசிக்கிறார்கள். நான் ரசிப்பதற்குக் காரணம், இரண்டும் ஒரே காட்சியை வைத்துப் பிழைக்கின்றன என்று எனக்குப் படுவதுதான். ஒருவன் முறையிடுகிறான். ஒருவன் கேட்கிறான். சுற்றி இருப்பவர்கள் பார்க்கிறார்கள். கோர்ட்டிலும் தாலுகா ஆபீசிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் அலைந்து காய்ந்துபோன ஒரு சமூகத்துக்கு இந்தக் காட்சியின்மேல் தீராத பசி இருக்கிறது. அந்தப் பசியை யார் எப்படி நடத்துகிறார்கள் என்பதை வைத்துத்தான் இவற்றை மதிப்பிடமுடியும்.

நான் இவற்றைப் பார்க்கிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். அது பின்னால் தேவைப்படும். கொல்லிமலை, செம்மேட்டுக்குச் சமீபம். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரவேண்டும். படங்களை நான் பார்த்தது பெரும்பாலும் கீழே, ராசிபுரத்திலும் நாமக்கல்லிலும். டெலிவிஷன் மேலேயே வந்துவிட்டது. 2006இல் அரசாங்கம் இலவசக் கலர் டெலிவிஷன் கொடுக்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு ஓட்டு வீட்டுக் கூரைகளில் குடைகள் முளைத்தன. கொல்லிமலை என்றதும் கொல்லிப்பாவை ஞாபகம் வந்து, சிரித்து மயக்கிக் கொல்லும் அந்தப் பதுமையை டெலிவிஷனுக்கு உவமை சொல்லலாமே என்று வாசகருக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அவ்வளவு சுலபமாக வருகிற உவமையை நம்புவதற்கில்லை.

கொப்போலாவின் 'காட்ஃபாதர்' (1972) எப்படி ஆரம்பிக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளலாம். இருட்டில் ஒரு முகம். பிணத்தைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்து கொடுக்கிற ஒரு தொழில்காரன், தன் பெண்ணுக்கு இரண்டு பையன்கள் செய்த கொடுமையையும், கோர்ட் அவர்களைத் தண்டனையில்லாமல் வெளியே விட்டதையும் சொல்கிறான். காமிரா மிக மெதுவாகப் பின்வாங்குகிறது. நெடுநேரத்துக்குப் பிறகுதான் கேட்பவனின் தோளும் கையும் சட்டகத்துக்குள் வருகின்றன. அந்தத் தொழில்காரன் யோக்கியன் இல்லை, கோழை, காரியத்துக்காக வந்தவன். ஆனாலும் அவன் சொல்லி முடிக்கும்வரை சட்டகம் அவனுடையது. கேட்பவனுடைய அதிகாரம் எதிலிருந்து உற்பத்தியாகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த அரசியல் நூலும் சொல்லிவிடவில்லை. முறையிடுகிறவனின் முகத்திலிருந்து அது எடுக்கப்படுகிறது.

இங்கிருந்து எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. முறையீடு நடக்கும்போது காமிரா யார் முகத்தில் தங்குகிறது?

'நாயகன்' (1987) இந்த அளவுகோலுக்கு முன்னால் சற்றுத் திணறுகிற படம். அதைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. தோட்டா தரணி சென்னையில் கட்டிய தாராவியும், பி.சி. ஸ்ரீராம் அதற்குள் கொண்டுவந்த வெளிச்சமும், அதுவரை தமிழ் சினிமா அறியாத காரியங்கள். 'டைம்' பத்திரிகை 2005இல் அதை உலகின் நூறு படங்களில் ஒன்றாகச் சேர்த்தபோது நம்மவர்கள் அடைந்த பரவசத்தில் எனக்குப் பங்கில்லை என்றாலும், படம் அந்தச் சான்றிதழ் இல்லாமலேயே நிற்கக்கூடியது. வேலு நாயக்கர் வீட்டு வாசலில் ஜனம் காத்திருக்கிறது. சம்பிரதாயமான தர்பார். ஆனால் வந்தவர்களின் முகங்கள் நம் ஞாபகத்தில் தங்குவதில்லை. தங்குவது கமல்ஹாசனின் முகம்: வெற்றிலைச் சிவப்பு, வயது ஏற ஏறக் கனக்கும் கன்னம், மகனின் பிணத்தைப் பார்க்கிற நேரத்தில் அந்த முகம் உடைகிற விதம். கேட்பவனுடைய படம் அது. நம் சினிமாவில் நட்சத்திரம் என்பதன் பொருளே இதுதான் போலிருக்கிறது. பத்துப் பேர் அழுதால், அந்த அழுகை எவன் முகத்தில் போய் விழுகிறதோ அவன் நட்சத்திரம்.

இருந்தும் 'நாயக'னில் ஒரு நேர்மை உண்டு. தான் கட்டிய தர்பாரைத் தானே விசாரிக்கிற நேர்மை. மகள் சாரு அவரிடம் கேட்கிறாள், உங்களுக்கு யார் இந்த உரிமையைக் கொடுத்தது என்கிற தொனியில். வாலிபத்தில் வேலு கொன்ற இன்ஸ்பெக்டர் கேல்கரின் குடும்பத்தை அவரே ஆதரிக்கிறார். மனவளர்ச்சியில்லாத அந்தப் பிள்ளை அஜித், கடைசியில் கோர்ட் விடுதலை செய்து வெளியே அனுப்புகிற வேலுவைச் சுடுகிறான். ஊருடைய வழக்கையெல்லாம் கேட்டவர், தன்னிடமே வரவேண்டிய ஒரு வழக்கைக் கேட்கவில்லை. வாய் திறந்து சொல்லத் தெரியாத வாதி வேறுவிதமாகச் சொல்லிவிட்டான். பேரன் நீங்கள் நல்லவரா கெட்டவரா என்று கேட்பதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அஜித்தின் முகம்தான் பெரிதாகப் படுகிறது. மணிரத்னம் அங்கே இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம்.

படத்துக்கு ஆதாரமான வரதராஜ முதலியாரைப் பற்றி ஒரு வார்த்தை. கள்ளச்சாராயத்தில் எழுந்து, மாதுங்காவில் பிள்ளையார் பந்தல் போட்டு, பம்பாய்த் தமிழர்களுக்கு ஒரு மாற்று ஸ்தாபனமாகவே இருந்த மனிதர். எண்பதுகளில் போலீஸ் நெருக்கடியில் பம்பாயை விட்டுச் சென்னைக்கு வந்து 1988இல் இறந்துபோனார். அவர் மனதில் மொழியுணர்வு இருந்ததா, வியாபாரம்தான் இருந்ததா என்பது இப்போது நமக்கு முக்கியமில்லை. பாஷை தெரியாத ஊரில் தன் பாஷையில் முறையிட ஓர் இடம் இருந்தது என்பதே அந்த ஜனத்துக்குப் பெரிதாக இருந்திருக்கும்.

'தளபதி'யையும் (1991) 'பாட்ஷா'வையும் (1995) நான் பலமுறை பார்த்தவன். முதலாவதில் தேவாவும் கலெக்டரும் நேருக்கு நேர் உட்காருகிற காட்சி, இரண்டு கேட்பவர்கள் ஒருவரையொருவர் கேட்க மறுக்கிற காட்சியாக, நன்றாகவே இருக்கிறது. இரண்டாவது சந்தோஷமான படம். அதைப்பற்றி விமர்சனம் எழுதுவது பண்டிகையைப்பற்றி விமர்சனம் எழுதுவதற்குச் சமம்.

செல்வராகவனின் 'புதுப்பேட்டை'யில்தான் (2006) அந்தப் பழைய தர்பார் உடைந்து விழுந்தது. கொக்கி குமார் முறையிட வழியில்லாதவன். தாயைத் தகப்பன் கொன்றுவிட, வீட்டைவிட்டு ஓடிப் பிச்சையெடுத்தவன். அவன் கத்துகிறான், அழுகிறான், அடிவாங்குகிறான். அந்த முகத்தின் பயத்தைக் காமிரா கூச்சமில்லாமல் பார்க்கிறது. பிறகு அவனே கேட்கிற இடத்துக்கு வருகிறான். வந்து என்ன செய்கிறான்? கூட்டாளியின் தங்கை கல்யாணத்துக்குத் தலைமை தாங்கப் போகிறான். பெரிய மனிதர் தாலி எடுத்துக் கொடுப்பது நம் ஊர்களில் எவ்வளவு சாதாரணமான காட்சி, எத்தனை கட்சிக்காரர்கள் அப்படிப் போட்டோவில் நிற்கிறார்கள். எடுத்துக் கொடுக்கவேண்டியவன் தானே கட்டிவிடுகிறான். தமிழ்நாட்டின் தலைமை என்ற விஷயத்தைப் பற்றி இந்த ஒரு காட்சிக்குச் சமமான கட்டுரை ஏதும் நான் படித்ததில்லை. அந்தப் பெண்ணின் முகத்தையும் நாம் பார்க்கிறோம். அவளை யாரும் கேட்கவில்லை. படமும் கேட்கவில்லை என்று சொல்வேன். அது படத்தின் குறையா, அல்லது அதன் குரூரமான நேர்மையா என்பதில் என் அபிப்பிராயம் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் மாறுகிறது.

இந்த வகைக் கதைக்கு மும்பையையும் சிகாகோவையும் தேடிப்போகவேண்டியதில்லை என்பதை இந்த மலையில் இருப்பவன் சொல்லலாம். செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை உண்டு; ஆடியில் அரசு விழாவும் உண்டு. ஓரி கேட்டவர்க்குக் கொடுத்தவன். அவனைத் திருமுடிக்காரி கொன்று, கொல்லியைச் சேரனுக்கு ஒப்படைத்தான் என்று சங்கப் பாடல்கள் சொல்கின்றன. ஒரு பெரியவனுக்காக இன்னொருவன் பேட்டையைப் பிடித்துக் கொடுக்கிற காரியம் இது. விழா மேடையில் இதைச் சொல்வதில்லை. ஏழு வள்ளல்களில் ஒருவனை இன்னொருவன் இப்படி முடித்துவிட்டான் என்பது விழாவுக்கு ஒத்துவராது.

'சுப்ரமணியபுரம்' (2008) கேட்பவர்களின் வீட்டு வாசலிலேயே கிடந்து அழிந்துபோன பையன்களின் கதை. நல்ல படம், அதன் பின்னால் வந்த நகல்கள் அதை நாம் சரியாகப் பார்க்கவிடாமல் செய்துவிட்டன. 'வடசென்னை'யில் (2018) கொலை செய்த ஆயுதங்களை மேஜைமேல் வைத்துவிட்டு, ரத்தம் காயுமுன் அடுத்து என்ன என்று பேசுகிற அந்த ஆரம்பத்தை மறக்கமுடியாது. எந்தக் கூட்டத்தில் பேச்சு நடந்தாலும் மேஜைமேல் எதுவோ கிடக்கிறது என்பதை வெற்றிமாறன் முதலிலேயே காட்டிவிடுகிறார். ஆனால் என் மனதுக்கு மிக நெருக்கமானது தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்' (2011). அதில் பெரிய தாதாக்களுக்கு நடுவே காளையன் என்ற நொடித்துப்போன ஜமீன்தாரும் அவன் பிள்ளையும் சேவல் சண்டைக்காகப் பட்டணம் வருகிறார்கள். காளையன் ஒரு காலத்தில் வழக்குக் கேட்ட குலம். இப்போது அவன் பேச்சை அவன் மகன் மட்டும்தான் கேட்கிறான், அதுவும் பாதி அலட்சியத்தோடு. அப்பாவை ரொம்பப் பிடிக்குமா என்று யாரோ கேட்கும்போது, அப்படியில்லை, ஆனால் அவர் என் அப்பா என்கிற அர்த்தத்தில் அந்தப் பையன் ஒரு பதில் சொல்கிறான். காமிரா அவன் முகத்தில் இருக்கிறது. எந்தத் தர்பாரிலும் எடுபடாத வாக்குமூலம் அது.

இனி அரட்டைக்கு வருகிறேன். நம் அரட்டை நிகழ்ச்சிகளை அமெரிக்க டெலிவிஷனின் பிரதி என்று சொல்பவர்கள் பட்டிமன்றத்தை மறந்துவிடுகிறார்கள். மணிமேகலையிலேயே பட்டிமண்டபம் வருகிறது. நம் காலத்தில் 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் ஆரம்பித்த கம்பன் கழகமும், குன்றக்குடி அடிகளாரின் நடுவர் நாற்காலியும் அதற்கு ஒரு கௌரவத்தைக் கொடுத்தன. பிறகு சாலமன் பாப்பையா அதைப் பண்டிகை நாள் காலையில் இட்லியோடு சேர்த்து நமக்குப் பரிமாறினார். பட்டிமன்றத்தில் பேசுகிறவர்கள் பேச்சையே தொழிலாகக் கொண்டவர்கள். வழக்கு பொய், தீர்ப்பும் அநேகமாக முன்பே தெரிந்தது. அதனால் யாருக்கும் காயமில்லை.

தொண்ணூறுகளில் சன் டிவியில் விசு நடத்திய 'அரட்டை அரங்கம்' வேறு வகை. தொழில்முறைப் பேச்சாளர்கள் இல்லாமல், ஊர் ஊராகப் போய் அங்கே இருந்த ஜனங்களிடம் மைக்கைக் கொடுத்தார். விசுவின் சினிமாவைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொண்டால் இதன் வேர் புரியும். 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) படத்தில் அம்மையப்ப முதலியார் வீட்டுக்கு நடுவே ஒரு கோடு போடுகிறார். மகன் அந்தப் பக்கம், மற்றவர்கள் இந்தப் பக்கம். பத்து வருஷம் கழித்து அதே கோட்டை அவர் ஒரு மண்டபத்துக்கு நடுவே போட்டார். மாமியார்கள் அந்தப் பக்கம், மருமகள்கள் இந்தப் பக்கம். கோபிநாத் நடத்துகிற 'நீயா நானா' 2006இல் விஜய் டிவியில் தொடங்கியபோது அந்தக் கோடு தலைப்பிலேயே ஏறிக்கொண்டது. இலவச டெலிவிஷன், 'புதுப்பேட்டை', 'நீயா நானா' மூன்றும் ஒரே வருஷம் என்பதில் நான் எந்தத் தத்துவத்தையும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

விசுவின் மேடையில் உபதேசம் அதிகம், அழுகை அதிகம், கைதட்டல் அதைவிட அதிகம். இருந்தாலும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண், சிற்றூர்க்காரி, எழுந்து நின்று, எழுதிவைக்காத வாக்கியங்களைத் தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடித்ததை நான் பார்த்திருக்கிறேன். நம் புதுக்கவிதைகளில் பாதிக்கு அந்தத் தடுமாற்றத்தின் உண்மை கிடையாது. இந்த மலையில் நான் போயிருக்கிற ஊர்க்கூட்டங்களில் பெண்கள் தள்ளித்தான் நிற்பார்கள். அவர்கள் சார்பில் யாராவது ஆண் பேசுவான். பழைய மன்றம் நல்லது, புதிய மைக் கெட்டது என்று எழுத எனக்குக் கைவராததற்கு இது ஒரு காரணம்.

ஆனால் மைக் கொடுத்தவன் அதை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். குடும்ப வழக்குகளையே மேடையில் தீர்த்துவைக்கிறோம் என்று வந்த 'சொல்வதெல்லாம் உண்மை' ஜீ தமிழில் 2011இல் தொடங்கியது. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2018இல் அதற்கு இடைக்காலத் தடை விதித்தபோது, உண்மையான கோர்ட் பொய்க் கோர்ட்டைத் தடுத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. அந்த ஜனம் ஏன் கோர்ட்டுக்குப் போகாமல் அங்கே போனது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அதன் அறிவிப்பாளரின் அங்கலாய்ப்பு நாடெங்கும் வேடிக்கையாகிச் சினிமாப் பாட்டுவரை போனது. கவனிக்கவேண்டியது, வேடிக்கையாக மிஞ்சியதும் கேட்பவரின் வாக்கியம்தான். முறையிட்டவர்கள் சொன்னதில் ஒரு வாக்கியத்தை யாராலாவது இப்போது திருப்பிச் சொல்லமுடியுமா?

இங்கே ஒரு சின்னச் சம்பவம். எந்த நிகழ்ச்சி, எந்த அலைவரிசை என்பது வேண்டாம். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரை, கிராம வாழ்க்கையா நகர வாழ்க்கையா என்ற மாதிரியான ஒரு தலைப்புக்காக வேனில் ஏற்றிச் சென்னைக்கு அழைத்துப்போனார்கள். ஊர்க்கூட்டங்களில் அவர் பேச்சுக்கு மதிப்புண்டு. அவர் பேசினால் நேரம் ஆகும். பேசுகிறவன் முடிக்கும்வரை குறுக்கே பேசக்கூடாது என்பது இங்கே வழக்கம். முடிந்துவிட்டதா என்று தெரிந்துகொள்வதற்காகவே கொஞ்சநேரம் சும்மா இருப்பார்கள். அவர் அங்கே போய் ஒரு பலாமரத்து வழக்கைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டபோது மரம் அண்ணன் பங்கில் போயிற்று. மரத்தில் ஏறியிருந்த மிளகுக்கொடி தம்பி வைத்து வளர்த்தது. மிளகு யாருக்கு? மூன்று ராத்திரி கூட்டம் நடந்த வழக்கு.

நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது டீக்கடையில் இருபது பேர் சேர்ந்து பார்த்தோம். பெரியவர் இரண்டு தடவை வந்தார். முதல் தடவை, நாங்கள் கோர்ட்டுக்குப் போவதில்லை, எங்களுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்வோம் என்று சொல்கிறார். அதோடு அவர் போய்விட்டார், உருக்கமான ஒரு சங்கீதம் வந்தது, அறிவிப்பாளர் கண்ணை மூடித் திறந்தார். இரண்டாம் தடவை, எதிர்ப்பக்கத்துப் பையன் ஒருவன் என்னவோ சொல்ல, பெரியவர் தலையாட்டுகிறார். கடையில் எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான்.

"நான் சொன்னது அது இல்லீங்க வாத்தியாரே," என்றார் அப்புறம். "கோர்ட்டுக்குப் போறதில்லைன்னு சொல்லிக்கிட்டு இருந்தோம், கடைசியில தம்பிக்காரன் போயிட்டான். அதைச் சொல்லத்தானே அவ்வளவு தூரம் போனேன்." தலையாட்டியதைப் பற்றிக் கேட்டேன். "கழுத்து வலிச்சுதுங்க. காலையில இருந்து ஒரே பக்கமா உக்கார வெச்சுட்டாங்க."

கோபமாக எழுதுவதற்கு இது சௌகரியமான விஷயம். எனக்குக் கோபத்தைவிடச் சங்கடம்தான் அதிகம். அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடித்திருந்தது. அதில் ஒரு கம்பீரம் இருந்தது. பதினைந்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ரசித்துவந்த எத்தனையோ முகங்கள், கண்கலங்கல்கள், வெட்கச் சிரிப்புகள் எல்லாம் எந்த நேரத்தில் எதற்காக வந்தவை, எங்கிருந்து வெட்டி எங்கே ஒட்டப்பட்டவை என்ற கேள்வி அதற்குமுன் எனக்கு உறைத்ததில்லை. சினிமாவில் வெட்டி ஒட்டுவதைப் பற்றி ஐஸன்ஸ்டைனை வைத்துப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, டெலிவிஷனில் பார்ப்பதை நடந்தது நடந்தபடி என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். தாதா படத்தில் கேட்பவன் கடைசியில் விலைகொடுக்கிறான். சுடப்படுகிறான், மகளை இழக்கிறான், குறைந்தபட்சம் தூக்கத்தையாவது இழக்கிறான். அந்த வகைப் படத்தின் இலக்கணமே அது; ஒழுக்கத்துக்காகப் பூசிய முலாமாக நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்தவன் வழக்கைக் கையில் எடுத்தவன் கை சுடாமல் தப்பமுடியாது என்று அந்தப் படங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அரட்டை நிகழ்ச்சியில் கேட்பவன் அடுத்த வாரம் புதுச்சட்டையோடு வருகிறான். சொல்லிவிட்டுப் போனவர் மலையேறி வந்து தான் சொல்லாத ஒன்றுக்காக ஊரில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தத் தம்பிக்காரன் பெரியவரோடு பேசுவதை நிறுத்திவிட்டான்.

இதற்குப் பிறகும் நான் பார்க்கிறேன். விட்டுவிட்டேன் என்று சொன்னால் பொய். கொஞ்சம் வேறுமாதிரி பார்க்கிறேன். பேசுகிறவரை விட்டு, பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் கழுத்தைப் பார்க்கிறேன்.

ஒரு மழைநாளில் ஏதோ அலைவரிசையில் 'நாயகன்' மறுபடி ஓடியது. பெரியவர் என் வீட்டுத் திண்ணையில் ஒதுங்க வந்தவர் உள்ளே உட்கார்ந்துவிட்டார். முன்பே பார்த்த படம்தான். கோர்ட் காட்சி வந்தது. வெளியே அவ்வளவு ஜனம், உள்ளே சாட்சி சொல்ல ஆளில்லை, விடுதலை.

"வெளியில இத்தனை பேரு நிக்கிறாங்க. உள்ள ஒருத்தர்கூட ஏன் பேசலை?" என்றார்.

பயமாக இருக்கலாம், நன்றியாக இருக்கலாம் என்றேன்.

"ரெண்டும் ஒண்ணா இருக்கும்ங்களா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் யோசிப்பதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. மழை விடவில்லை. அவர் காலை நீட்டிக்கொண்டு, இரண்டாம் ராத்திரி கூட்டத்தில் அந்தத் தம்பிக்காரன் என்ன சொன்னான் என்பதிலிருந்து பலாமரத்து வழக்கைச் சொல்ல ஆரம்பித்தார். நான் சத்தத்தைக் குறைத்தேன்.